திரும்பி வராதவற்றின் கணக்கு

விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் டகோட்டா என்ற பெயருக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் உருவாக்கிய டிசி-3 என்னும் இந்த இரட்டை எஞ்சின் விமானம் முதன்முதலாக வானில் எழுந்தது 1935 டிசம்பர் 17-ஆம் தேதி. இரண்டாம் உலகப் போரில் இதன் ராணுவ வடிவங்கள் 10,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டன. போர் முடிந்ததும் உபரியாகிப்போன விமானங்கள் மலிவாக விற்கப்பட்டன. அவற்றை வாங்கித்தான் இந்தியாவில் பல விமான நிறுவனங்கள் அடுத்தடுத்துத் தோன்றின. நம் நாட்டின் நடுத்தர வர்க்கம் முதன்முதலில் ஏறிய விமானம் பெரும்பாலும் டகோட்டாதான்.

உழைப்புக்குப் பெயர்பெற்ற விமானம் அது. கரடுமுரடான ஓடுதளத்திலும் இறங்கும், பழுதுபார்ப்பதும் எளிது. ஆனால், அதற்கு ஒரு வரம்பு இருந்தது. பயணிகள் அமரும் பகுதியில் காற்றழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் ஏற்பாடு அதில் கிடையாது. எனவே, இன்றைய ஜெட் விமானங்களைப்போல மேகக்கூட்டத்துக்கு மேலே, மலைகளுக்கு வெகு உயரத்தில் அது பறக்க இயலாது. மேகங்களுக்கு ஊடே, மலைகளின் உயரத்தை ஒட்டியே அதன் பாதை அமைந்தது. வானொலிச் சைகைகளையும் திசைகாட்டியையும் கடிகாரத்தையும் நம்பி, தாம் இருக்கும் இடத்தை விமானி கணித்தாக வேண்டும். கணிப்பு சில கல் தொலைவு பிசகினாலும் மேகத்துக்குள் மலை காத்திருக்கும்.

இந்த வகை விபத்துகள் உலகெங்கும் நிகழ்ந்தன. பிலிப்பைன்ஸ் அதிபர் ரமோன் மகசாய்சாய் 1957 மார்ச் 17-ஆம் தேதி செபு தீவில் மலையில் மோதி உயிரிழந்தது டகோட்டாவின் ராணுவ வடிவத்தில்தான். அதிலிருந்த 26 பேரில் ஒரே ஒரு பத்திரிகையாளர் மட்டும் பிழைத்தார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ் மண்ணில் அதேபோன்ற ஒரு விபத்து நிகழ்ந்தது. 1950 டிசம்பர் 13-ஆம் தேதி, ஏர் இந்தியா நிறுவனத்தின் டகோட்டா ஒன்று நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே, ரங்கசாமி தூண் எனப்படும் பாறைத் தூணை ஒட்டிய மலைப்பகுதியில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 21 பேரும் மாண்டனர்.

மாண்டவர்களில் ஒருவர் ஆபிரகாம் வால்ட். கணிதப் புள்ளியியலின் போக்கையே மாற்றியமைத்த சிலருள் ஒருவர். அவருடைய மனைவி லூசிலும் அதே விமானத்தில் உயிரிழந்தார். வால்டுக்கு அப்போது வயது 48. போரில் திரும்பி வராத விமானங்களைப் பற்றி உலகுக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தவர், திரும்பி வராத ஒரு விமானத்தில் இறந்தார். இந்த முரணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால், அவரது வாழ்வு அதைவிடப் பெரிய பாடங்களைக் கொண்டது. அந்தப் பாடங்கள் நம் கடற்கரைக்கும் தேவைப்படுகின்றன.

வால்ட் 1902 அக்டோபர் 31-ஆம் தேதி அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கொலோஷ்வார் நகரில் பிறந்தார். இன்று அந்நகரம் ருமேனியாவில் குளூஜ் என்ற பெயரில் இருக்கிறது. பாட்டனார் யூத மதகுரு. தந்தை, யூதச் சமய விதிப்படி ரொட்டி சுடும் அடுமனை நடத்தியவர். சனிக்கிழமை ஓய்வு நாள் என்பதில் அக்குடும்பம் உறுதியாக இருந்தது. அக்காலப் பள்ளிகளோ சனிக்கிழமையும் இயங்கின. எனவே, வால்டுக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை, வீட்டிலேயே பயின்றார். பின்னாளில் உலகின் தலைசிறந்த கணித அறிஞர்களோடு சரிசமமாக உரையாடியவர், வகுப்பறையில் பிற சிறுவர்களோடு அமர்ந்து கணக்குக் கற்றவர் அல்லர்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர், 1927-இல் வியன்னாவுக்குச் சென்றார். கார்ல் மெங்கரின் மாணவராகி 1931-இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். குர்த் கோடல் போன்ற மேதைகள் பங்கேற்ற மெங்கரின் ஆய்வரங்கில் அவரும் தொடர்ந்து கட்டுரைகள் அளித்தார். திறமையில் குறையில்லை, ஆனால், வேலை கிடைக்கவில்லை. யூதர் என்பதால், அதிலும் வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால், ஆஸ்திரியப் பல்கலைக்கழகங்களின் கதவுகள் அவருக்கு மூடியே இருந்தன.

மெங்கர் அவருக்கு இரண்டு வழிகளைக் காட்டினார். வங்கியாளரும் பொருளியல் அறிஞருமான கார்ல் ஷ்லெசிங்கருக்குக் கணிதம் கற்பிக்கும் பணி ஒன்று. ஆஸ்கர் மோர்கன்ஸ்டெர்ன் நடத்திய வணிகச் சுழற்சி ஆய்வு நிறுவனத்தில் பணி மற்றொன்று. வயிற்றுப்பாட்டுக்காக ஏற்ற இந்த வேலைகள்தான் தூய கணிதராக இருந்தவரைப் பொருளியலுக்கும் புள்ளியியலுக்கும் அழைத்து வந்தன. ஒரு சந்தையில் எல்லாப் பொருள்களின் வரத்தும் தேவையும் ஒரே சமயத்தில் பொருந்தும் விலைகள் உண்டா என்ற பழைய கேள்விக்கு, 1930-களின் நடுவில் அவர் முறையான கணித நிறுவலைத் தந்தார். அந்தத் துறையில் பின்னர் நோபல் பரிசுகள் வரை சென்ற ஆய்வுகளுக்கு அது முன்னோடி.

1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. வால்ட் பணியிழந்தார். அமெரிக்காவின் கவுல்ஸ் பொருளியல் ஆய்வுக் குழு விடுத்த அழைப்பு அவர் உயிரைக் காத்தது. அந்தக் கோடையிலேயே அட்லாண்டிக்கைக் கடந்தார். விரைவில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ஹோட்டலிங்கின் அருகில் இடம் கிடைத்தது. ஊரில் தங்கிவிட்ட உறவுகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1944-இல் அந்நகர யூதர்கள் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். வால்டின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் நாஜிகளின் கொடுமைக்குப் பலியாயினர். ஒரு சகோதரர் மட்டும் எஞ்சினார்.

தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் பார்த்து ஒரு பேரழிவை அளக்க முடியாது என்பதை அவர் கணிதத்தில் எழுதிய அதே ஆண்டுகளில், அவருடைய குடும்பமே அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் இருந்தது.

போர்க்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தை ஒட்டி, புள்ளியியல் ஆய்வுக் குழு என்ற ரகசிய அமைப்பு செயல்பட்டது. ஆலன் வாலிஸ் அதை வழிநடத்தினார். ஹோட்டலிங், ஜேக்கப் வொல்போவிட்ஸ், லெனார்ட் சாவேஜ், பின்னாளில் பொருளியல் நோபல் பெற்ற மில்டன் ஃப்ரீட்மன், ஜார்ஜ் ஸ்டிக்லர் ஆகியோர் அதில் பணியாற்றினர். ராணுவம் கேட்கும் கேள்விகளுக்கு எண்களில் விடை தருவது அவர்களுடைய வேலை. வால்டோ, சட்டத்தின் பார்வையில் பகை நாட்டிலிருந்து வந்தவர். அவர் எழுதும் ஒவ்வொரு தாளையும் எழுதி முடித்த கணமே அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் தம் ஆய்வைத் தாமே படிக்க அவருக்கு அனுமதி இல்லை என்று சக ஊழியர்கள் வேடிக்கையாகச் சொல்வார்களாம்.

அங்கே எழுந்த கேள்விகளில் ஒன்றுதான் இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது. போருக்குச் சென்று திரும்பும் குண்டுவீச்சு விமானங்களின் உடலில் துளைகள் இருந்தன. எங்கே எத்தனை துளைகள் என்று எண்ணலாம். விமானம் முழுவதற்கும் கவசம் பூட்டினால் எடை கூடி அது பறக்கவே திணறும். ஆகவே, எந்தப் பகுதிக்குக் கவசம் தேவை? துளைகள் மிகுந்த இடத்துக்கே என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் விடை.

வால்ட் கேள்வியைத் திருப்பிப் போட்டார். எண்ணப்பட்டவை திரும்பி வந்த விமானங்கள் மட்டுமே. அவற்றில் துளை மிகுந்த இடம், அடிபட்டாலும் விமானம் தாங்கிக்கொள்ளும் இடம். துளை அரிதான இடமோ, அடிபட்டால் திரும்பி வர இயலாத இடம். பகைவரின் குண்டு எஞ்சினை விலக்கிவிட்டுச் சிறகை மட்டும் தேடிச் செல்வதில்லை. எஞ்சினில் துளையுடன் திரும்பிய விமானங்கள் குறைவு என்றால், எஞ்சினில் துளைபட்டவை கடலிலோ பகைவர் நிலத்திலோ கிடக்கின்றன என்றே பொருள்.

இந்நிகழ்ச்சி இப்போது கைபேசித் திரைகளில் செந்நிறப் புள்ளிகள் இட்ட விமானப் படத்தோடு வலம் வருகிறது. தளபதிகளை அவர் ஒரே வாக்கியத்தில் வாயடைக்கச் செய்ததாகவும் கதை வளர்ந்துவிட்டது. உண்மையில் 1943-இல் அவர் எழுதிய எட்டு ஆய்வுக் குறிப்புகளில் நாடகம் ஏதும் இல்லை. பொறுமையான கணக்குதான் இருக்கிறது. கதையைவிட அந்தக் கணக்கே வியப்புக்குரியது.

அவர் காட்டும் ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 400 விமானங்கள் புறப்படுகின்றன, 380 திரும்புகின்றன. அவற்றில் 320 விமானங்களில் ஓர் அடியும் இல்லை. 32 விமானங்களில் ஓர் அடி, 20-இல் இரண்டு, 4-இல் மூன்று, 2-இல் நான்கு, 2-இல் ஐந்து. ஆக, கண்ணால் காணக்கூடிய சான்று 60 விமானங்களில் உள்ள 102 அடிகள் மட்டுமே. திரும்பாத 20 விமானங்களைப் பற்றி ஏதும் தெரியாது. எத்தனை அடி பட்டன, எங்கே பட்டன, எதனால் விழுந்தன என்பதைச் சொல்ல ஆள் இல்லை. அந்த 20-ஐ மறந்துவிடாமல், காணக்கூடிய 60-ஐக் கொண்டே ஓர் அடி ஒரு விமானத்தை வீழ்த்தும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிடும் வழியை வால்ட் வகுத்தார். இல்லாத சான்றைக் கற்பனையால் நிரப்பவில்லை. எந்த அனுமானத்தின்மேல் நின்று பேசுகிறோம் என்பதை ஒவ்வொரு படியிலும் வெளிப்படையாக எழுதினார். அக்குறிப்புகள் பொதுவெளியில் பரவலாக அறியப்பட்டது 1980-இல் அவை மறுபதிப்பான பிறகுதான். அப்போது அவர் இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 1943-இல் அவர் கண்ட மற்றொரு முறை, தொழில் உலகில் இதைவிடப் பெரிய மாற்றத்தை உண்டாக்கியது. ஒரு தொழிற்சாலை அனுப்பிய வெடிமருந்துச் சரக்கு தரமானதா என்று சோதிக்க வேண்டும். இத்தனை எடுத்துச் சோதிப்பது என்று முன்கூட்டியே எண்ணிக்கையை வரையறுத்துக்கொள்வது வழக்கம். முதல் சிலவற்றிலேயே உண்மை பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிட்டாலும் எஞ்சியவற்றையும் வெடித்துத் தீர்த்தாக வேண்டும். அனுபவமுள்ள அதிகாரி பாதியிலேயே முடிவு சொல்லிவிடுவாரே என்று ஒரு கடற்படை அதிகாரி ஆதங்கப்பட்டதிலிருந்து சிந்தனை தொடங்கியது. வாலிஸும் ஃப்ரீட்மனும் அதை வால்டிடம் கொண்டுசென்றனர். முதலில் ஐயுற்றவர், ஓரிரு நாள்களிலேயே வழியைக் கண்டுவிட்டார்.

ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் ஏற்கலாமா, தள்ளலாமா, இன்னும் ஒன்றைப் பார்க்கலாமா என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதுவே தொடர்முறைப் பகுப்பாய்வு. தவறும் வாய்ப்பைக் கூட்டாமலேயே சோதனைகளின் எண்ணிக்கையைப் பல நேரங்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்க அது உதவியது. போர் முடியும்வரை ரகசியமாக வைக்கப்பட்ட இம்முறை, 1947-இல் நூலாக வெளிவந்தது. ஒரு மருந்து நோயாளிகளுக்குப் பலன் தருகிறதா, தீங்கு செய்கிறதா என்பது தெளிவானதும் ஆய்வை இடையிலேயே நிறுத்தும் இன்றைய மருத்துவ நெறிமுறைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

முத்துக்குளித்துறையில் வாழ்வோருக்கு இந்தச் சிந்தனை முற்றிலும் அந்நியமானது அன்று. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு அறிவிக்கப்படுவதற்கு முன்பு, முத்துப் பார்களிலிருந்து மாதிரிக்கெனச் சிப்பிகள் எடுக்கப்படும். அவற்றை அழுகவிட்டு, கழுவி, கிடைக்கும் முத்துகளை மதிப்பிடுவோர் தரம் பிரிப்பர். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று கணக்கிடப்படும். அதைக் கொண்டே இந்த ஆண்டு முத்துக்குளிக்கலாமா, இன்னும் ஓர் ஆண்டு சிப்பி முதிரக் காத்திருக்கலாமா என்று அரசு முடிவெடுக்கும். கையளவு சிப்பியைக் கொண்டு கடலடியை மதிப்பிடும் துணிவு, நம் கரையில் நூற்றாண்டுப் பழக்கம். அந்தத் துணிவு எவ்வளவு நம்பத்தக்கது, எந்த இடத்தில் தவறும் என்பதை அளந்து சொல்வது புள்ளியியலின் பணி.

இந்தியாவுக்கும் வால்டுக்கும் தொடர்பு அவர் இங்கு வருவதற்கு முன்பே இருந்தது. வங்காளத்தில் சணல் பயிரிடும் பரப்பை அளக்க, முதலில் சிறு முன்னோட்டக் கணக்கெடுப்பு, அதன் அனுபவத்தைக் கொண்டு அடுத்த கட்டம் என்று படிப்படியாக முன்னேறும் முறையைப் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் கையாண்டிருந்தார். தம் தொடர்முறைப் பகுப்பாய்வுக்கு முன்னோடிகளில் ஒன்றாக அந்தப் பணியை வால்ட் தம் நூலில் குறிப்பிட்டார். இந்தியப் புள்ளியியலர் சி.ஆர். ராவ் 1948-இல் வகுத்த சோதனையும், வால்ட் 1943-இல் வகுத்த சோதனையும் இன்று உலகெங்கும் புள்ளியியல் பாடநூல்களில் அடுத்தடுத்துப் பயிற்றுவிக்கப்படுகின்றன.

1950 வால்டின் வாழ்வில் உச்சம் தொட்ட ஆண்டு. புள்ளியியல் முழுவதையும், அறியாமையின் நடுவே முடிவெடுக்கும் கலையாக வகுத்துரைத்த அவருடைய நூல் அவ்வாண்டில் வெளிவந்தது. ஒவ்வொரு முடிவுக்கும் தவறினால் நேரும் இழப்பு என்ற விலை உண்டு. அந்த இழப்பை எண்ணிப் பார்க்காமல் எந்த எண்ணையும் ஆராய்வதில் பொருளில்லை என்பது அதன் சாரம். இந்தியாவுக்கும் அது முக்கியமான ஆண்டு. குடியரசு பிறந்தது; திட்டக் குழு அமைந்தது; தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. எண்களைக் கொண்டு நாட்டைக் கட்டியெழுப்ப முனைந்த இந்திய அரசு, வால்டை விரிவுரை நிகழ்த்த அழைத்தது. இரண்டு பிள்ளைகளை அமெரிக்காவில் விட்டுவிட்டு, கணவனும் மனைவியும் புறப்பட்டு வந்தனர். அந்தப் பயணத்தின் இடையில்தான் நீலகிரி விபத்து நிகழ்ந்தது.

விபத்துக்குக் காரணம் எஞ்சின் கோளாறு அன்று. தாம் எங்கே பறந்துகொண்டிருக்கிறோம் என்ற விமானியின் கணிப்பு பிசகியது. விமானம் பாதை விலகியிருந்தது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். மலைமக்கள் புனிதமாகப் போற்றும் ரங்கசாமி முகடு அதன் அருகே சமவெளியை நோக்கித் துருத்தி நிற்கிறது. நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருந்த ஒரு விமானம், நல்ல கட்டுப்பாட்டில் இருந்தபடியே, மலையில் மோதியது.

அதற்குச் சரியாக 40 நாள்களுக்கு முன்பு, நவம்பர் 3-ஆம் தேதி, மலபார் பிரின்சஸ் என்ற இந்திய விமானம் ஐரோப்பாவின் மோன் பிளாங் மலையில் மோதி, அதிலிருந்த 48 பேரும் உயிரிழந்திருந்தனர். அது நான்கு எஞ்சின் கொண்ட பெரிய விமானம். வகை வேறு, கண்டம் வேறு, தவறு ஒன்றே. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இந்தியாவில் டகோட்டா விபத்துகள் தொடர்ந்தன. 1953 டிசம்பரில் நாகபுரியில் இரவுத் தபால் விமானம் ஒன்று புறப்பட்ட சில நொடிகளில் வீழ்ந்து நொறுங்கியது.

வால்டின் இரு பிள்ளைகளும் பெற்றோரை ஒரே நாளில் இழந்தனர். மகன் ராபர்ட்டுக்கு அப்போது வயது மூன்று. அவர் பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலராகி, பொதுச் சார்பியல் குறித்து உலகம் முழுவதும் மாணவர்கள் பயிலும் நூலை எழுதினார். நெருங்கிய நண்பர் வொல்போவிட்ஸ், இருவரும் சேர்ந்து தொடங்கியிருந்த ஆய்வுகளைத் தனியே தொடர்ந்தார். அறிவியல் என்பது சரக்கை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்கும் கிடங்குக் கணக்கு அன்று என்று ரொனால்ட் ஃபிஷர் கடுமையாக விமர்சித்தபோது, பதில் சொல்ல வால்ட் உயிரோடு இல்லை. ஜெர்சி நெய்மன் அவருக்காக வாதாடினார். அந்த விவாதம் இன்றும் முடியவில்லை. வால்டின் சிந்தனை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானத் துறை பிற்காலத்தில் இவ்வளவு பாதுகாப்பானதாக மாறியதற்குக் காரணம், அது வால்டின் கேள்வியைத் தன் சட்டமாகவே ஆக்கிக்கொண்டதுதான். பத்திரமாகத் தரையிறங்கிய லட்சக்கணக்கான பயணங்களைக் காட்டி அது நிறைவடையவில்லை; திரும்பி வராத ஒவ்வொரு விமானத்தையும் தேடிச் சென்று அதன் சிதறல்களிடம் கேட்டது. விபத்து விசாரணைக்கான பன்னாட்டு விதிமுறைகளைப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு ஏற்றுக்கொண்டது 1951 ஏப்ரலில். நீலகிரி விபத்து நிகழ்ந்து நான்கு மாதங்களில். இறந்தவர்கள் பேச இயலாது என்ற நிலையை மாற்ற, விமானியின் அறையில் ஒலிப்பதிவுக் கருவி வைக்கும் யோசனையை ஆஸ்திரேலியரான டேவிட் வாரன் 1950-களில் முன்வைத்தார். கறுப்புப் பெட்டி பிறந்தது. மலையில் மோதும் விபத்துகளை ஒன்றுவிடாமல் ஆராய்ந்த டான் பேட்மன் என்ற பொறியாளர், தரை நெருங்குவதை உரத்து எச்சரிக்கும் கருவியை வடிவமைத்தார். 1970-களிலிருந்து அது கட்டாயமாக்கப்பட்டது. இன்று வாகைக்குளத்தில் இறங்கும் பயணிகள் விமானம் ஒவ்வொன்றிலும் அத்தகைய எச்சரிக்கைக் கருவி உண்டு.

வானத்தில் கற்ற இந்தப் பாடத்தை நாம் தரையிலும் கடலிலும் கற்றோமா என்பதே கேள்வி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தனர். சாலை போயிற்று; மின்சாரம் போயிற்று; தொலைபேசியும் போயிற்று. இத்தகைய நேரத்தில் உதவி கோரி வரும் அழைப்புகளை எண்ணி, எங்கே துயரம் அதிகம் என்று முடிவு செய்வது இயல்பு. ஆனால், அழைக்க முடிந்தவர்கள் யார்? கைபேசியில் மின்னூட்டம் எஞ்சியிருந்தவர்கள். கோபுரம் வீழாத ஊரில் இருந்தவர்கள். ஓர் அழைப்பும் வராத ஊர்தான் எல்லாவற்றையும் இழந்த ஊராக இருக்கக்கூடும். நிவாரணப் படகை முதலில் எங்கே அனுப்புவது என்பது, கவசத்தை எங்கே பூட்டுவது என்ற அதே கேள்விதான். மௌனத்தையும் ஒரு செய்தியாகப் படிக்கத் தெரிந்த நிர்வாகமே அதற்குச் சரியான விடை சொல்லும்.

கடலுக்குச் செல்வோர் இதை இன்னும் ஆழமாக அறிவார்கள். அமலிநகரிலும் ஆலந்தலையிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் மணப்பாட்டிலும் கரைக்குத் திரும்பும் படகுகள்தாம் காற்றைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் செய்தி சொல்கின்றன. திரும்பாத படகு செய்தி சொல்வதில்லை. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலின்போது, குமரிக் கடலோர மக்கள் தங்களில் யார் யார் திரும்பவில்லை என்று ஊர் ஊராகப் பட்டியல் எழுதினர். அவர்களது பட்டியலும் அரசின் பட்டியலும் பல நாள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. எந்தப் படகு எத்தனை பேரோடு எப்போது புறப்பட்டது என்ற பதிவு முழுமையாக இருந்திருந்தால், அந்தக் குழப்பத்துக்கு இடமே இருந்திராது.

வால்டின் கணக்கில் மிக எளியது, ஆனால் மிக இன்றியமையாதது, முதல் எண்தான்: 400 விமானங்கள் புறப்பட்டன. புறப்பட்டவை எத்தனை என்று தெரிந்திருந்ததால்தான், திரும்பாதவை 20 என்று சொல்ல முடிந்தது. புறப்பாட்டைப் பதியாத கணக்கில், இழப்பு என்ற வரியே இருக்காது. காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் பொதுவாக ஏழு ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. அந்த ஏழு ஆண்டும் அவருடைய மனைவிக்குக் கைம்பெண் என்ற பெயரும் இல்லை. கணவன் என்ற துணையும் இல்லை. எண்ணப்படாத ஓர் உயிருக்கு அவர் குடும்பம் தரும் விலை அது. பேரிடர்க் காலங்களில் அரசுகள் இவ்விதியைத் தளர்த்துவதுண்டு. ஆனால், புயலின் பெயர் இல்லாமல் ஒரு சாதாரண நாளில் கரைசேராமல் போன ஒற்றைப் படகுக்கு அந்தச் சலுகை எளிதில் வாய்ப்பதில்லை.

மற்றத் துறைகளிலும் நிலை வேறல்ல. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில், எழுதியவர்களில் இத்தனை விழுக்காட்டினர் தேர்ச்சி என்று பெருமிதப்படுகிறோம். தேர்வறைக்கே வராமல் இடையில் நின்றவர்கள் அந்த விழுக்காட்டின் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். வெற்றி பெற்ற தொழில்முனைவோரின் துணிச்சலைப் பாடமாக வைக்கிறோம். அதே துணிச்சலோடு கடன் வாங்கி நொடித்தவர்களை மேடையேற்றுவதில்லை. ஒரு திட்டம் எப்படி இருக்கிறது என்று பயனாளிகளிடம் கேட்கிறோம். விண்ணப்பிக்கவே வழியறியாதவர்களிடம் கேட்பதில்லை. துளை மிகுந்த சிறகுக்கே மீண்டும் மீண்டும் கவசம் பூட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மாற்று, மிகக் கடினமான கணிதம் அன்று. கடலுக்குப் புறப்படும் ஒவ்வொரு படகையும், அது நாட்டுப்படகாயினும் விசைப்படகாயினும், ஆள் எண்ணிக்கையோடு பதிவது. முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்களை அடிப்படையாக வைத்துப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் கணக்கிடுவது. வெள்ளத்தின்போது அழைப்பு வந்த ஊர்களின் பட்டியலோடு, அழைப்பு வராத ஊர்களின் பட்டியலையும் மாவட்ட ஆட்சியரின் மேசையில் வைப்பது. எண்ணத் தொடங்கும் முன், நம் கண்ணுக்கு வராமல் போனவை எவை என்று ஒரு முறை கேட்பது. இவ்வளவே.

சனிக்கிழமை பள்ளிக்குச் செல்ல முடியாததால் எந்த வருகைப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல் வளர்ந்த ஒரு சிறுவன். எந்தப் பல்கலைக்கழகமும் பணி தராத ஓர் அறிஞர். குடும்பத்தைக் கொலைமுகாமில் இழந்த ஓர் அகதி. கணக்கில் வராதவர்களைக் கணக்கில் கொண்டுவரும் வழியை உலகுக்குத் தந்தவர் அவர். குடியரசாகிப் பதினொரு மாதமே ஆன ஒரு நாட்டின் அழைப்பை ஏற்று, அதற்கு எண்களைப் படிக்கக் கற்பிக்க வந்து, நம் மலையில் உயிர்நீத்தார். நீலகிரியில் மோதிய அந்த டகோட்டாவின் வகை விமானங்கள் இன்று பெரும்பாலும் காட்சியகங்களில் நிற்கின்றன. அவர் கேட்ட கேள்வி மட்டும், மாலையில் படகுகள் கரையணையும் ஒவ்வொரு துறையிலும் இன்னும் நிற்கிறது: காலையில் புறப்பட்டவை எத்தனை?